தராசும் பொறுமையும்

நம் நாட்டு இரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் இயந்திரங்கள் நின்றிருந்தன. வண்ண விளக்குகள் சுழலும்; நாணயத்தை இட்டதும் கடகடவென்ற ஓசையுடன் சிறிய அட்டை ஒன்று வந்து விழும். அட்டையின் ஒரு புறத்தில் எடை. மறு புறத்தில் நம் குணத்தைப் பற்றியோ வருங்காலத்தைப் பற்றியோ ஒரு வாசகம். தமிழகத்திலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பணியை நாடி வந்த நம்மவரில், வண்டி புறப்படும் வரையில் பொழுதைப் போக்க அந்த இயந்திரத்தின்மீது ஏறி நின்றவர் பலர். இன்று எடை இயந்திரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் எண்ணையும் சோதிடத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் மட்டும் நம்மைவிட்டு முற்றிலும் அகலவில்லை. உணவைக் குறைத்துக்கொண்டு, நாள்தோறும் நடக்கத் தொடங்கிய பத்தாம் நாள் காலையில் தராசில் ஏறி நிற்கிறோம். எண் இறங்கவில்லை. உடனே, "நம் உடல்வாகு இப்படித்தான், நமக்கு இது எழுதி வைக்கவில்லை" என்று முடிவு கட்டி, நடையையும் நிறுத்திவிடுகிறோம்.

இந்த முடிவு சரியானதா என்பதைத்தான் இன்று ஆராய்ந்து பார்க்க எண்ணுகிறோம். இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடைபெற்ற ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு நீரிழிவு உள்ளது. மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அந்நோயின் வாயிற்படியில் நிற்கின்றனர். இவர்களுள் எத்தனையோ பேர் ஒரு நாள் உறுதி பூண்டு நடக்கத் தொடங்கியவர்களாகவே இருப்பர். தொடங்கிய மூன்றாம் வாரத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுவதற்கும், விடாமல் தொடர்வதற்கும் உள்ள வேறுபாடு பிற்காலத்தில் கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தொடுகிற வேறுபாடாகும்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. புதிய ஊரின் உணவை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் பழைய ஊரின் உணவை விட்டுவிடவில்லை. காலையில் இட்டிலி அல்லது தோசை. நண்பகலில் அலுவலக உணவகத்தில் சப்பாத்தியும் சோறும் ஒரே தட்டில். மாலையில் தேநீரும் சமோசாவும். இரவில் மறுபடியும் சாம்பார் சாதம். வேலையோ நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. வட நாட்டுக் குளிர் மாதங்களில் காலை நடையும் நின்றுவிடுகிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் அங்கே பரிவோடு பரிமாறுகிறவர்களுக்குக் குறைவில்லை. உடல் சற்று மெலிந்து வந்தால், "ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?" என்று கேட்டு இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றுவர்.

இந்த 'இளைத்தல்' என்னும் சொல்லைச் சிறிது கவனிப்போம். சொற்களை எடைபோடுவதே தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு, 'எடைக் குறைப்பு' என்பது ஆங்கிலத் தொடரைப் பின்பற்றி வந்த சொல் என்பது எளிதில் தெரியும். நம் வீடுகளில் வழங்கிவந்த சொல் இளைத்தல். சட்டை தொளதொளப்பது, இடுப்புப் பட்டையில் இன்னொரு துளை தேவைப்படுவது, கன்னம் சற்று ஒட்டுவது ஆகிய இவற்றைக் கண்டே நம் முன்னோர் ஒருவர் இளைத்தார் என்றனர். அதில் கிலோக் கணக்கு இல்லை. எடை என்பதோ உடலில் உள்ள அனைத்தின் கூட்டுத்தொகை. எலும்பு, தசை, இரத்தம், நீர், குடலில் உள்ள உணவு, கொழுப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தராசு காட்டுகிறது. நாம் குறைக்க விரும்புவது இவற்றுள் ஒன்றை மட்டுமே, அதாவது கொழுப்பை. கூட்டுத்தொகையைப் பார்த்து அதன் ஓர் உறுப்பை அறிந்துவிட முடியுமா?

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் நீரே. இந்த நீர் நாளுக்கு நாள் கூடும், குறையும். முதல் நாள் இரவு அப்பளமும் ஊறுகாயும் வற்றல் குழம்பும் சற்று மிகுதியாக உண்டிருந்தால், அந்த உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெண்களில் பலருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் உடலில் நீர் தங்குவது இயல்பு. மலச்சிக்கல் இருந்தாலும் எடை கூடித் தோன்றும். இவ்வாறான காரணங்களால் ஒரே மனிதரின் எடை ஒரு நாளைக்கும் மறு நாளைக்கும் இடையே ஒரு கிலோ வரையில், சில வேளைகளில் அதற்கு மேலும் வேறுபடலாம். இதில் கொழுப்புக்குப் பங்கே இல்லை.

உணவைக் குறைக்கத் தொடங்கியவுடன் வேறொரு விந்தையும் நிகழ்கிறது. நாம் உண்ணும் சோற்றிலும் சப்பாத்தியிலும் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதியை, உடல் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. இந்தச் சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ அளவுதான். ஆயினும் அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இந்தச் சேமிப்புச் செலவாகி, அதனோடு சேர்ந்த நீரும் வெளியேறுகிறது. ஆகையால் முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதைச் சிலர் காண்கின்றனர். அதைக் கொழுப்பின் இழப்பு என்று கருதி மகிழ்கின்றனர். அடுத்த வாரங்களில் அந்த வேகம் இல்லாமற் போகும்போது, ஏதோ கெட்டுவிட்டது என்று கலங்குகின்றனர். உண்மையில் கெட்டது ஒன்றுமில்லை. நீரின் கணக்கு முடிந்து, கொழுப்பின் கணக்குத் தொடங்கியிருக்கிறது.

உடற்பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இதற்கு நேர்மாறானதும் நிகழக்கூடும். பழக்கமில்லாத தசைகள் உழைக்கும்போது அவற்றில் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. அவற்றைச் செப்பனிடும் பொருட்டு உடல் அங்கே நீரைச் சேர்க்கிறது. பயிற்சி பெறும் தசைகள் கிளைக்கோஜனையும் முன்னைவிட மிகுதியாகச் சேமிக்கக் கற்றுக்கொள்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியும் சில நாட்களுக்குள் பெருகுகிறது. இவை யாவும் உடல் நன்மை அடைந்துவருவதற்கு அறிகுறிகள். தராசு இவற்றையும் எடையாகவே காட்டும். நன்றாக நடந்த முதல் இரண்டு வாரங்களில் எடை சிறிது ஏறியிருந்தால், அதைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை.

இனிக் கொழுப்பின் கணக்கைப் பார்ப்போம். உடலில் சேர்ந்த கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி. நாளைக்கு நான்கு முறை காப்பி அருந்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொள்பவர், அந்தச் சர்க்கரையை அறவே விட்டுவிட்டால் குறைவது 160 கலோரி. நடையும் சர்க்கரைக் குறைப்பும் சேர்ந்து நாளொன்றுக்கு 300 கலோரி என்று வைத்துக்கொள்வோம். 7700-ஐ 300-ஆல் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட 26. அதாவது, ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தாலும் ஒரு கிலோ கொழுப்புக் கரைய 26 நாட்கள் ஆகும். ஒரு வாரத்திற்குக் கால் கிலோவைச் சற்றே தாண்டும்.

இங்கேதான் நம் மனக்குழப்பத்தின் வேர் இருக்கிறது. வாரத்திற்குக் கால் கிலோ கொழுப்புக் குறைகிறது. ஆனால் நீரின் ஏற்ற இறக்கம் ஒரே நாளில் ஒரு கிலோ. கடைத்தெருவின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் மெல்லப் பேசினால் நமக்குக் கேட்பதில்லை. அவர் பேசவில்லை என்று அதற்குப் பொருளா? முதல் மூன்று, நான்கு வாரங்களில் தராசின் நிலையும் இத்தகையதே. கொழுப்பு குறைந்துகொண்டிருக்கும், நீரின் இரைச்சல் அதை மறைத்துக்கொண்டிருக்கும். பத்தாம் நாளில் தீர்ப்புக் கேட்பவர், வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே தீர்ப்புக் கேட்பவர் ஆவார்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்கலாம். வியர்வையில் போகிறது என்று பலர் எண்ணுகின்றனர். 2014-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினர். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. இந்த உண்மையின் நிழலை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டிருந்தார். இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சான்டோரியோ என்பவர், பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்து, தாம் உண்பதையும் பருகுவதையும் கழிப்பதையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். உட்கொண்டதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாமலே உடலைவிட்டு நீங்குவதை அறிந்து, 1614-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தராசை நன்கு அறிந்த அம்மனிதர் ஒரு நாள் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்யவில்லை. நெடுங்காலம் காத்திருந்து எண்களின் வரிசையைப் பார்த்தார்.

தராசு மற்றொரு வகையிலும் நம்மை ஏமாற்றக்கூடும். புணே நகரைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் யாஜ்ஞிக், இலண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் யட்கின் ஆகிய இருவரும் 2004-ஆம் ஆண்டில் தங்கள் இருவரின் படத்தையும் அளவுகளையும் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு; இந்தியரின் உடலில் 21.2 பங்கு. ஒரே எடையிலும் நம் நாட்டவர் உடலில், குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பு மிகுதியாக இருப்பது பரவலாகக் காணப்படுகிறது. ஆகையால்தான் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009-ஆம் ஆண்டில் உடல் நிறை எண் 23-ஐ எட்டினாலே எடை மிகுதி என்று கொள்ளுமாறும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாமல் இருக்க வேண்டும் என்றும் வகுத்தனர். தையற்காரரின் நாடா, தராசு சொல்லாத செய்தியை நமக்குச் சொல்லும்.

எடை குறையாவிட்டால் உழைப்பு வீண்தானே என்று இன்னும் ஐயுறுவோர்க்குச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று தெளிவு தரும். மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தன. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்கு கொண்டனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் உணவை ஒழுங்கு செய்து, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்குமாறு தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுக் கணக்கில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்த பிரிவிலோ நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இந்தப் பிரிவினரின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை என்பதே. அவர்கள் தராசை மட்டும் நம்பியிருந்தால், "பயன் ஒன்றும் இல்லை" என்று சில வாரங்களிலேயே கைவிட்டிருக்கக்கூடும். தராசு அசையாமல் நின்ற அந்த நாட்களிலேயே, அவர்களுள் பலரை நோய் அணுகாமல் நடை காத்துக்கொண்டிருந்தது.

இப்படியெல்லாம் சொல்வதால் தராசைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பதில்லை. அதை முறையாகப் பயன்படுத்துவோம். காலையில் எழுந்து, காலைக் கடன்களை முடித்து, ஒன்றும் உண்பதற்கு முன்னர், ஒரே வகையான உடையில் எடை பார்க்க வேண்டும். நாள்தோறும் பார்ப்பவர்கள் ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்துச் சராசரியை மட்டும் குறித்து வைக்கலாம்; இந்த வாரச் சராசரியைச் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடலாம். நாள்தோறும் பார்த்தால் மனம் அலைபாயும் என்போர் வாரத்திற்கு ஒரு நாள் பார்த்தாலே போதும். நான்கு வாரக் குறிப்புகள் சேரும் வரையில் எந்த முடிவும் வேண்டாம். பெண்கள் மாதத்தின் ஒரு நாளை அடுத்த மாதத்தின் அதே பருவ நாளோடு ஒப்பிடுவது நன்று. ஊருக்குப் போய்வந்த மறுநாளும், கல்யாண விருந்துக்கு மறுநாளும் காணும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். அதில் பெரும்பகுதி உப்பும் நீரும்.

இரண்டு வாரத்திற்கு ஒரு முறை இடுப்பை அளப்போம். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். மூன்றாம் மாடி ஏறினால் முன்போல் மூச்சு வாங்குகிறதா, இரவில் உறக்கம் எப்படி என்பவற்றையும் குறித்துக்கொள்ளலாம். மருத்துவரின் யோசனைப்படி இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி. நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்னர் மருத்துவரைக் கலந்துகொள்வது இன்றியமையாதது. மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். இதய நோய் உள்ளவர்களும் அவ்வாறே.

எண் இறங்கவில்லை என்ற ஆத்திரத்தில் பட்டினி கிடப்பது தகாது. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். தசையைக் காக்க இரண்டு வேண்டும்: போதிய புரதமும், தசைகளுக்கு வேலையும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிகள், நாம் பெறும் ஆற்றலில் தானியங்களின் பங்கு நூற்றுக்கு 45-ஐத் தாண்டாமல் இருப்பது நலம் என்கின்றன. இந்த நிறுவனம் 1918-ஆம் ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக் கூடமாகத் தோன்றி, 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குச் சென்றது என்பதைக் கேட்க, நம்மைப் போல் இடம் பெயர்ந்து வாழ்வோர்க்கு ஒரு நெருக்கம் தோன்றும். அதன் அறிவுரையை நம் தட்டில் செயற்படுத்துவது கடினமன்று. சப்பாத்தியா சோறா என்று ஒரு வேளைக்கு ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சாம்பாரில் பருப்பைக் கூட்டுவோம். சுண்டல், தயிர், முட்டை அல்லது மீன், காய்கறி ஆகியவற்றுக்குத் தட்டில் இடம் தருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் கூறியபடி வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களில் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்வோம். பனியும் புகையும் மண்டிய தில்லியின் குளிர்காலக் காலைகளில் வெளியே நடப்பதைவிட வீட்டுக்குள்ளேயே நடப்பதும், படி ஏறி இறங்குவதும் மேல்.

கடைசியாக ஒன்று. முதல் மாதங்களில் சரியாக இருந்த 26 நாள் கணக்கு, காலம் செல்லச் செல்ல இன்னும் மெதுவாகும். உடல் இலேசாக இலேசாக அதன் அன்றாடச் செலவும் குறைவதே காரணம். 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழுவினர் இதைக் கணித்துக் கூறினர். நாள்தோறும் உண்பதில் 24 கலோரியை, அதாவது ஒரு சிறு கரண்டிச் சர்க்கரைக்குச் சற்றே கூடுதலான அளவை, நிலையாகக் குறைத்தால் முடிவில் சுமார் ஒரு கிலோ எடை குறையும். அதில் பாதி குறைய ஓர் ஆண்டும், ஏறக்குறைய முழுவதும் குறைய மூன்று ஆண்டுகளும் ஆகும். கேட்பதற்கு இது சோர்வு தரலாம். ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. உடலில் ஏறிய எடை ஒரு மாதத்தில் ஏறியதன்று; வேற்றூர் வந்து வேலையில் அமர்ந்த நாள் முதலாகச் சிறுகச் சிறுக ஏறியது. அது சிறுகச் சிறுகவே இறங்கும். ஆகையால் ஒரு மாதம் மட்டும் தாக்குப்பிடிக்கக்கூடிய கடுமையான விரதத்தைவிட, மூன்று ஆண்டுகளுக்கும் அலுக்காமல் செய்யக்கூடிய சிறு மாற்றமே மேலானது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் ஊர்ப் பழமொழி. இன்று மாலை நடக்க வேண்டிய அரை மணி நடையை நடந்துவிடுவோம். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுவோம். தராசு தன் சாட்சியத்தைச் சொல்ல வேண்டிய நாளில் சொல்லட்டும்.